சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுக்க: மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் முறை நான் செய்தது அடிப்படையிலேயே தவறு. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் இருக்கிறது. ஏழெட்டு ஆண்டுகள் தரிசாகப் போட்டுவைத்ததில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. நான்கு ஆட்களை விட்டு, அரிவாளும் கோடாலியுமாகத் தரையோடு தரையாக வெட்டித் தள்ளினோம். விறகை ஏற்றி அனுப்பிவிட்டு, வெட்டவெளியாகக் கிடந்த நிலத்தை வரப்பில் நின்று பார்த்தபோது வந்த பெருமை இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. மழை விழுந்ததும் ஒவ்வொரு தூரிலிருந்தும் எட்டுப் பத்துத் தளிர்கள் கிளம்பின. ஒற்றைத் தண்டாக நின்ற மரமெல்லாம் புதராகிவிட்டது. சரி, டிராக்டரில் சங்கிலி கட்டிப் பிடுங்கிவிடலாம் என்று போனால், சங்கிலி மாட்டுவதற்குத் தண்டே இல்லை.

ஆகவே, டிராக்டரால் பிடுங்கப் போகிற மரத்தைத் தரையோடு வெட்டாதீர்கள். இடுப்பு உயரத்துக்குத் தண்டை விட்டுவையுங்கள். அந்தத் தண்டுதான் உங்களுக்கு நெம்புகோல். இதை மட்டும் படித்துவிட்டுக் கட்டுரையை மூடிவைத்தாலும் பாதிக் கூலி மிச்சம்.

மற்றவை, 15 முதல் 28 குதிரைத்திறன் வரையிலான சிறிய டிராக்டரைப் புதிதாக வாங்கியவர்களுக்கும், வெளியூர் வேலையை விட்டு வந்து தாத்தா நிலத்தைத் திருத்த நினைப்பவர்களுக்கும்.

எதைப் பிடுங்குகிறோம்

வேலிக்காத்தான், காட்டுக் கருவை என்று ஊருக்கு ஒரு பெயர் இதற்கு. மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். 1870களில் சென்னை மாகாண வனத்துறை கடப்பைப் பகுதியில் இதை நட்டது. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கொண்டுவந்த மரம், பிறகு நம்மிடம் கேட்காமலேயே பரவிக்கொண்டது.

பெயரில் கருவேலம் இருப்பதால் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. வேலைக்கு வரும் ஆட்களிடமும் இதை முதலிலேயே காட்டிச் சொல்லிவிடுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டையாக இருக்கும். காய் மணிமாலை கோத்தது போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். காய் வெளிறிய மஞ்சளாக, நீளமாக, கடித்தால் இனிக்கும். வன்னி மரத்தில்தான் குழப்பம் வரும், அதன் பூவும் கதிர்தான். முள்ளைப் பாருங்கள். வன்னியின் முள் சிறிதாக, கிளையெங்கும் சிதறியிருக்கும். சீமைக் கருவேலத்தின் முள் இலைக்காம்பின் அடியிலிருந்து, பெரும்பாலும் இணையாக, நீண்டு கிளம்பும். புதருக்குள் பனங்கன்றுகள் இருந்தால் துணி கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். வளர்ந்த பனையாக இருந்தால் கைவைக்கவே வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்திருக்கிறது.

வெட்டினால் ஏன் சாவதில்லை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே தண்டு போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. அந்தக் கழுத்து மண்ணுக்குக் கீழே ஒரு சாண் முதல் ஒரு அடி வரை இறங்கியிருக்கும். கண்மாய்க் கரையோரம் போல வண்டல் படிந்த இடங்களில் இன்னும் சற்று ஆழத்தில் இருக்கலாம். கழுத்துக்குக் கீழே உள்ள வேர் தனியாகத் துளிர்ப்பதில்லை. எனவே உங்கள் இலக்கு ஒரு அடிதான், அதாவது 30 செ.மீ. முழு வேரையும் எடுத்தே தீருவேன் என்று நின்றால் முடியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் இந்தப் பேரினத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள்.

தூரில் உப்பைக் கொட்டுவது, டீசல் ஊற்றுவது, அமிலம் ஊற்றுவது என்று யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். விவசாயம் செய்யப் போகிற மண்ணில் உப்பைக் கொட்டச் சொல்பவரிடம் அதற்குமேல் பேசிப் பயனில்லை.

பட்டாவும் எல்லையும்

உங்கள் பட்டா நிலத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். பக்கத்துப் புறம்போக்கும் கண்மாயும் புதராகத்தான் கிடக்கின்றன, நல்லதுதானே செய்கிறோம் என்று இறங்கினால் வம்பு. அங்குள்ள மரம் பொதுச்சொத்து; முறைப்படி ஏலம் விட்டுத்தான் வெட்டுவார்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் பல மாவட்டங்களில் அகற்றும் பணி தீவிரமாக நடந்து, அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. பொது இடத்தில் மரத்தைத் தொடுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். எல்லைக்கல் புதருக்குள் மறைந்திருந்தால், சங்கிலியை மாட்டும் முன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கல்லோடு சேர்த்துப் பிடுங்கிவிட்டால், மரத்தைவிடப் பெரிய முள் பக்கத்துக் காட்டுக்காரரிடமிருந்து முளைக்கும்.

எப்போது

எங்கள் பகுதியில் தை மாதம்தான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மேல்மண் காய்ந்து, அடியில் ஈரம் நிற்கும். கோடையில் கரிசல் மண் பாறைபோல இறுகி வெடித்துக் கிடக்கும். அதில் மரம் வருவதற்கு முன் கிளட்ச் தேய்ந்துவிடும். மழைக்காலத்தில் அதே மண் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு டிராக்டரையே புதைக்கும். செம்மண்ணில் இவ்வளவு கெடுபிடி இல்லை. நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து இறங்கலாம். ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். கையில் அப்பிக்கொண்டால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

தையில் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோடையில் காய் பழுத்து உதிர்வதற்கு முன்பே வேலை முடிந்துவிடும்.

டிராக்டர் எதைத் தாங்கும்

மினி டிராக்டர் சுமார் ஒரு டன் எடை. பெரும்பாலானவற்றின் ஹைட்ராலிக் 750 கிலோ அளவுக்குத்தான் தூக்கும். இதை மறந்துவிட்டுப் பெரிய மரத்தோடு மல்லுக்கு நிற்பவர்கள்தான் கியர்பெட்டியை உடைக்கிறார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் உடம்பில்தான் இருக்கிறது. கட்டைவிரல் பருமன் கன்றுகளை ஈரத்தில் கடப்பாரையால் நெம்பினாலே வந்துவிடும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையான பருமன் மினி டிராக்டருக்கான வேலை. தொடைப் பருமனுக்கு மேல் போனால் பொக்லைனை வாடகைக்குக் கூப்பிடுங்கள். பெரிய மரங்களுக்கெல்லாம் குறி போட்டுவைத்து ஒரே நாளில் பொக்லைனை விட்டு எடுத்துவிட்டு, மற்றதை நீங்கள் நிதானமாகப் பார்த்துக்கொண்டால் செலவும் குறையும், டிராக்டரும் பிழைக்கும்.

ரொட்டவேட்டரைப் புதருக்குள் ஓட்டாதீர்கள். புதிதாக வாங்கியவர்களுக்கு இந்த ஆசை வரும்; கத்திகள் வளைந்து, முள்கிளை சுற்றிக்கொண்டு நின்றுவிடும். மண்ணை ஆழமாகக் கிழிக்கும் உளிக்கலப்பை நல்ல கருவிதான், ஆனால் அதை முழு ஆழத்துக்கு இழுக்க இந்தச் சிறிய டிராக்டருக்குத் தெம்பு கிடையாது. தூர்கள் எல்லாம் வெளியே வந்த பிறகு ஐந்து கொத்துக் கலப்பை போதும்.

இப்போது கவிழும் ஆபத்துக்கு வருவோம். இதைப் படிக்காமல் யாரும் சங்கிலியைத் தொட வேண்டாம். பின்சக்கரம் முன்னே உருள முடியாதபடி பிடித்து நிறுத்தப்பட்டால், இயந்திரத்தின் விசை டிராக்டரின் உடலையே சக்கரத்தின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் எழும்பும், டிராக்டர் பின்பக்கமாக ஓட்டுநர் மேலேயே கவிழும். முழுதாகக் கவிழ ஒன்றரை நொடி போதும். முக்கால் நொடியைத் தாண்டிவிட்டால் கிளட்சை மிதித்தாலும் திரும்பாது. “முன்பக்கம் தூக்கினால் உடனே குதித்துவிடுவேன்” என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த முக்கால் நொடியில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்கே நேரம் இருக்காது.

சங்கிலியை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் இது முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்னச்சுக்குக் கீழே, தாழ்வாக இருக்கும் டிராபாரில் (இழுப்பதற்கென்றே உள்ள இரும்புத் தண்டு) மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் (கருவியை மேல்பக்கம் பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்தில் கட்டினால் உயரமாக, வசதியாகத் தெரியும். டிராக்டரைக் கவிழ்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. பின்னச்சிலும் கட்டக் கூடாது. முன்பக்கம் எடைக்கட்டைகள் மாட்ட இடமிருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு பல மினி டிராக்டர்களில் இருப்பதில்லை. உங்களுடையதில் இருந்தால் அதைக் கழற்றிப் போடாமல், இருக்கைப் பட்டையையும் கட்டுங்கள். இல்லையென்றால் இழுப்பதில் இரட்டிப்பு நிதானம் வேண்டும்.

வேலை

காலையில் முதல் வேலை நீண்ட கம்பால் புதரைத் தட்டுவது. சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் முள்ளுக்கடியில் குளிர்ச்சியாகக் கிடக்கும். பறவைக்கூட்டில் குஞ்சு இருந்தால் அந்த மரத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பழைய கிணறோ, பயன்படாத குழியோ உள்ளே மறைந்திருக்கிறதா என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டுவிடுவதும் நல்லது. எங்கள் புதருக்குள் ஒரு மொட்டைக்கிணறு இருந்தது எனக்குத் தெரியாது, பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு கிளைகளைக் கழிக்க வேண்டும். ஒருவர் கவைக்கோலால் கிளையைத் தள்ளிப் பிடிக்க, மற்றவர் வெட்டுவார். செருப்போடு யாரும் இறங்கக் கூடாது; கெட்டியான அடிப்பகுதி உள்ள காலணி, தோல் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். முள் குத்தி ஒடிந்து மூட்டுக்குள் தங்கிவிட்டால் எருக்கம்பால் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தண்டை மூன்று மூன்றரை அடி விட்டு வெட்டுங்கள். மிகச் சிறிய கன்றுகளைக் கடப்பாரையால் எடுத்துவிட வேண்டும், வெட்டிவிடக் கூடாது. சாய்வாக வெட்டுப்பட்ட முளை ஈட்டி மாதிரி நிற்கும். டிராக்டர் அதன்மேல் ஏறினால் டயரோ அடியில் உள்ள எண்ணெய்க் குழாயோ கிழியும்.

வெட்டிய முள்ளை உடனே வாரி ஒதுக்குங்கள். டிராக்டர் போகிற தடத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்று நினைத்து, முதல் நாளே முன்டயர் இரண்டும் பஞ்சர் ஆகி, டவுனுக்குப் போய் ஒட்டிக்கொண்டு வருவதில் அரை நாள் போனது. வேலையின்போது டிராக்டர் திரும்பும், பின்னுக்கு வரும். தடம் என்று தனியாக ஒன்று இல்லை.

அடுத்தது தோண்டுவது. இதைத்தான் பலரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். டிராக்டர் எந்தப் பக்கம் நின்று இழுக்கப் போகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் தோண்ட வேண்டும். மரம் டிராக்டரை நோக்கிச் சாயும்போது எதிர்ப்பக்கத்து வேர்கள்தான் இழுத்துப் பிடிக்கும். அங்கே முக்கால் அடி, ஒரு அடி ஆழத்துக்கு அரைவட்டமாகப் பறித்து, குறுக்கே ஓடும் பக்கவேர்களைக் கோடாலியால் அறுத்துவிடுங்கள். முழங்கைப் பருமன் மரத்துக்குக் கால் மணி நேர வேலை. இதைச் செய்த மரம் முனகாமல் வரும். செய்யாத மரத்தோடு அரை மணி நேரம் போராடிவிட்டு, கடைசியில் இறங்கி இதையேதான் செய்வீர்கள்.

சங்கிலி குறைந்தது 10 மி.மீ. தடிமனும் 20 அடி நீளமும் இருக்கட்டும். நைலான் கயிறு வேண்டாம். அது இழுபட்டு நீண்டு, அறுந்தால் சவுக்காகத் திரும்பி வரும். தண்டில் முழங்கால் உயரத்தில் ஒரு சுற்றுப் போட்டுக் கொக்கியை மாட்டுங்கள். இன்னும் உயரே கட்டினால் நெம்பும் விசை கூடும், ஆனால் தண்டு ஒடியவும் சங்கிலி நழுவி மேலே கிளம்பவும் வாய்ப்பு அதிகம். சங்கிலி நீளமாக இருந்தால் இழுப்புக் கோணம் தாழும், பின்சக்கரமும் மண்ணைவிட்டுக் கிளம்பாது. சங்கிலியின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவையுங்கள். அறுந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் சங்கிலி நீளத்தைப்போல இரண்டு பங்கு தொலைவுக்கு அப்பால் நிற்க வேண்டும். மட்கார்டில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு இழுப்பது நம் ஊர் வழக்கம். இந்த வேலையில் அது கூடவே கூடாது.

மிகத் தாழ்ந்த கியரில் போட்டு, சங்கிலியின் தொய்வு நீங்கும் வரை ஊர்ந்து செல்லுங்கள். இறுகியதும் மெதுவாக விசையைக் கூட்டுங்கள். வெடுக்கென்று இழுப்பதும், பின்னுக்கு வந்து பாய்ந்து இழுப்பதும் சங்கிலியை அறுக்கும், முன்பக்கத்தைத் தூக்கும். நேராக மட்டுமே இழுங்கள்; பக்கவாட்டில் இழுத்தால் டிராக்டர் பக்கவாட்டில் சாயும். நிலம் சரிவாக இருந்தால் இறக்கத்தை நோக்கி இழுக்க வேண்டும். இடதுகால் கிளட்சின் மேலேயே இருக்கட்டும். சக்கரம் வழுக்கி மண்ணைப் பறிக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். எங்கோ ஒரு வேர் இன்னும் அறுபடாமல் இருக்கிறது. இறங்கித் தேட வேண்டும்.

மரம் சாய்ந்து, தூர் பாதி எழும்பியதும் ஆணிவேர் தெரியும். அப்போது சங்கிலியைத் தளர்த்தி, இயந்திரத்தை நிறுத்தி, அதன் பிறகே கோடாலியோடு குழியில் இறங்க வேண்டும். இழுவிசையில் இருக்கும் வேரை வெட்டினால் தூர் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஆணிவேரைத் தரைமட்டத்திலிருந்து ஒரு அடிக்குக் கீழே வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. மறுபடி ஒரு மெல்லிய இழுப்பில் தூர் உருண்டு வெளியே வரும்.

வெட்டிப் பல தண்டுகளாகத் துளிர்த்த பழைய தூர்களுக்கு, எனக்கு நேர்ந்தது போல, இந்த முறை கொஞ்சம் மாறும். மெல்லிய தண்டுகளைக் கழித்துவிட்டு, தடித்த இரண்டு மூன்றைச் சேர்த்து அடியில் சங்கிலியைச் சுற்ற வேண்டும். தனித்தனியாக இழுத்தால் ஒவ்வொன்றாகப் பிய்ந்து வரும், தூர் அப்படியே இருக்கும். இவற்றுக்குச் சுற்றிலும் முழுவட்டமாகத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

வரப்பில் நிற்கும் மரத்தை டிராக்டரால் இழுக்காதீர்கள். வரப்பும் கூடவே வரும். அங்கே கையால் பறித்துக் கழுத்துக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் வழி.

மாலையில் ரேடியேட்டர் வலையைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். உதிர்ந்த இலைத்தூள் அதில் அடைத்துக்கொண்டு மறுநாள் இயந்திரத்தைச் சூடாக்கும்.

குழி, விறகு, விதை

குழிகளை அன்றன்றே மூடுங்கள். நாளை உழும்போது முன்சக்கரம் இறங்கும், இல்லையென்றால் ஆடு விழும். எல்லாத் தூரும் வந்த பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு உழவு ஓட்டி, மேலே வரும் வேர்த்துண்டுகளைப் பொறுக்கிவிட்டுப் பரம்படித்தால் நிலம் ஓரளவு சமமாகும்.

விறகுக்கும் தூர்க்கட்டைக்கும் விலை உண்டு. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் கரிமூட்டம் போடுபவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். முள்ளைக் கொண்டுபோய் வேலியில் அடைப்பதானால், காய் இல்லாத கிளைகளாகப் பார்த்து அடையுங்கள்.

விதைதான் நீண்ட வழக்கு. கெட்டியான ஓடுள்ள விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஆடும் மாடும் இலையைச் சீண்டாது, ஆனால் இனிப்பான காயை விரும்பித் தின்னும். வயிற்றுக்குள் போய்வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கும். இங்கேதான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். நிலம் திருத்திய அதே கோடையில், உரம் கிடைக்கட்டும் என்று ஆட்டுக்கிடை போட்டேன். காய் உதிரும் காலத்தில் கண்மாய்க்குள் மேய்ந்துவிட்டு வந்த ஆடுகள் அவை. மூன்று இரவுக் கிடையில் மூன்று ஏக்கருக்கும் விதைத்துவிட்டுப் போயின. கிடை போடுவதானால் காய் இல்லாத மாதங்களில் போடுங்கள். அல்லது எருவைக் குவித்து நன்றாக மக்கவைத்துப் பிறகு இறையுங்கள்.

முதல் ஆண்டுப் பயிராகக் களையெடுப்பு அதிகமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். நாங்கள் முண்டு மிளகாய் போட்டோம். அதற்கு எப்படியும் இரண்டு மூன்று முறை களைக்கொத்தோடு இறங்குவார்கள், கருவேலக் கன்றும் அதோடு போய்விடும். தரிசாக விட்டால் மூன்றே ஆண்டில் பழைய கதைதான்.

எங்கள் நிலத்தில் இது ஐந்தாம் ஆண்டு. கார்த்திகையில் மழை விட்டதும் ஒரு சாக்கும் சிறு கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வரப்போரமாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். ஒரு சாண் உயரக் கன்றுகள் ஈரத்தில் வேரோடு கையில் வந்துவிடுகின்றன. போன ஆண்டு சாக்கு முக்கால் நிறைந்தது, இந்த ஆண்டு கால்வாசிதான்.